முதலாம் எண் கல்

அன்று காலை பத்து மணிக்குக் கூட்ட அறையில் இருந்தவர்கள்:

இயக்குநர். வைரத் தர நிர்ணயக் கழகத்தின் தலைமைப் பொறுப்பில் ஒன்பது வருடங்களாக இருப்பவர். வைரம் பார்க்கத் தெரியாது. அந்தப் பதவிக்கு அது தேவையில்லை.

தலைமைப் பார்வையாளர். கண்களை மூடியிருந்தார். தூங்கவில்லை, பார்வையைச் சேமித்துக்கொண்டிருந்தார்.

எண் எழுத்தர். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். அது தண்டனை இல்லை, விதி.

வைர வணிகர் சங்கத் தலைவர். சொந்தமாக நகைக்கடை உண்டு. உள்ளே நுழைந்ததிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரன். வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஜன்னல் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவன். ஒரு கண்ணாடித் துண்டைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்திருந்தான்.

அவன் மனைவி. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். விரலில் கல் இல்லாத மோதிரம்.

கூட்டக் குறிப்பேட்டில் இவர்கள் எல்லோருக்கும் மேலே, முதல் வரியில், ஒரு கல்லுக்கு வருகை போட்டிருந்தார்கள். அந்தக் கல் அந்த அறையில் இல்லவே இல்லை. மூன்று மாடி கீழே பெட்டக அறையில் இருந்தது. அது கண்ணாடிக்காரனின் மனைவியுடைய கல். அதைத் திருப்பிக் கேட்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

அவள் ஒரு தடவை ஏமாந்தவள். அவளுடைய அண்ணன் வைரத் தோடு என்று சொல்லி ஒரு ஜோடி கொடுத்திருந்தான். எட்டு வருடம் காதில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் வேலையில் வியர்வைக்குக் கழற்றி மேசையில் வைத்தவள், மறந்து அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை இறக்கிவிட்டாள். ஒரு கல் இரண்டாகப் போயிற்று. பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, "உங்க அண்ணன் போட்ட வைரம் இஸ்திரிக்கே தாங்கலையேடி" என்றாள். சலவைக்கூடமே சிரித்தது.

வீட்டுக்கு வந்து துண்டுகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். கண்ணாடிக்காரன் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. அதை அவள் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கண்ணாடிதானே என் பொழப்பு. பார்த்ததுமே தெரிஞ்சுது."

"எட்டு வருஷமாவா?"

"உங்க அண்ணன் குடுத்தது. நான் எந்த வாயால சொல்றது?"

அதற்குப் பிறகு அவன் எதை நல்லது என்று சொன்னாலும் அவள் இன்னொரு ஆளைக் கேட்பாள். அவன் வாங்கிவந்த பழத்தைக்கூடப் பக்கத்து வீட்டில் காட்டிவிட்டுத்தான் நறுக்குவாள். உடையாத ஒற்றைத் தோடு பித்தான் டப்பாவுக்குள் போயிற்று. தூக்கி எறியவில்லை. அதை எடுத்துக் காட்டவேண்டிய சந்தர்ப்பங்கள் குடும்ப வாழ்க்கையில் அடிக்கடி வரும்.

ஆகவே, பல வருடம் கழித்து ஒரு வைர மோதிரம் வாங்கப் போனபோது அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்.

"நல்ல கல்லா?"

நகைக்கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். "வைரத்துக்கு நாலு விஷயம்மா. எடை, வெட்டு, நிறம், தெளிவு. எடை தராசு சொல்லும். வெட்டுன்னா பட்டை தீட்டின லட்சணம். வெளிச்சம் மேல விழுந்து மேலயே திரும்பணும், கீழ ஒழுகக் கூடாது. நிறம்னா, நிறமே இல்லாம இருக்கறதுதான் நிறம். தெளிவுன்னா உள்ள அழுக்கு, கீறல் இல்லாம இருக்கறது. இது நிறத்துல அஞ்சாம் தரம், லேசா மஞ்சளடிக்கும். உள்ள ஓரத்துல பாருங்க, ஈக்கால் மாதிரி ஒரு கறுப்பு."

லென்ஸைக் கண்ணாடிக்காரனிடம் கொடுத்தார். அவன் பார்த்தான். ஈயின் கால்தான், முட்டி மடங்கிய இடம்கூடத் தெரிந்தது. அவனுக்கு அது பிடித்திருந்தது. கண்ணாடிப் பாளத்தில் சிக்கிய குமிழியைப் போல அடையாளமாக இருந்தது. ஆயிரம் கல்லில் கலந்தாலும் பொறுக்கி எடுத்துவிடலாம்.

"எல்லாம் சரி, நல்ல கல்லா?" என்றாள் மனைவி மறுபடியும்.

"நான் நல்லதுன்னா அது வியாபாரம். உங்க வீட்டுக்காரர் நல்லதுன்னா அது பாசம். கழகம் சொன்னாத்தாம்மா தரம்."

அவள் புருஷனை ஒருமுறை பார்த்துவிட்டு, "கழகத்துலயே கேட்டுருவோம்" என்றாள்.

கழகம் சாம்பல் நிறம். சுவர், தரை, திரை, வரவேற்புப் பெண்ணின் நகப்பூச்சு எல்லாம் சாம்பல். நிறம் பார்க்கும் இடத்தில் நிறம் இருக்கக் கூடாதாம். நீலச் சட்டையோடு போன கண்ணாடிக்காரனுக்குச் சாம்பல் அங்கி ஒன்றை மாட்டிவிட்டார்கள். அவனுக்கு முன் அதை மாட்டியிருந்தவர்கள் அத்தனை பேரின் அக்குள் வாடையும் அதில் இருந்தது. கம்பளத்தில் வாசனைத் திரவம் தெளித்து, அதன் மேல் இன்னொன்றைத் தெளித்திருந்தார்கள். பிணவறையில்கூட ஒரு வாசனையோடு நிறுத்திக்கொள்வார்கள்.

மோதிரத்தோடு கல்லைப் பார்க்க மாட்டார்களாம். கல்லைப் பிடித்திருந்த நான்கு கம்பி நகங்களையும் நெம்பி, கல்லை எடுத்துக்கொண்டு, வெறும் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூடவே நீளம், அகலம், உயரம் எழுதிய ஒரு ரசீதும் ஒரு கையேடும்.

கையேட்டில் கழகத்தின் பெருமை இருந்தது. பெட்டகத்தில் பத்து மூலக்கற்கள் உண்டு. முதலாம் எண்தான் உலகத்திலேயே குறையில்லாத வெண்மை. பத்தாம் எண் பழைய பல்லின் நிறம். வருகிற கல்லை இந்தப் பத்தின் பக்கத்தில் வைத்துத்தான் தரம் சொல்வார்கள். பாரபட்சம் வரக் கூடாது என்பதற்காக ஒரு விதி: கல்லைப் பார்ப்பவர் எண்ணைப் பார்க்கக் கூடாது, எண்ணைப் பார்ப்பவர் கல்லைப் பார்க்கக் கூடாது. ஒருவர் கல்லை எடுத்து வைப்பார். இன்னொருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு எழுதுவார். இந்த முறையைக் கண்டுபிடித்ததற்காக இயக்குநர் கேடயம் வாங்கும் படம் ஏழாம் பக்கத்தில் இருந்தது. எட்டாம் பக்கத்தில் அதே படம் பெரிதாக இருந்தது.

ஆறு வாரம் போயிற்று. காலி மோதிரத்தைக் கழற்ற அவள் மறுத்துவிட்டாள். நான்கு நகங்களும் தினமும் மருத்துவமனை விரிப்புகளில் மாட்டி நூலை இழுத்தன. மேற்பார்வையாளர் இரண்டு தடவை எச்சரித்தார். கண்ணாடிக்காரன் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கழகத்துக்குப் போனான்.

"உங்க கல்லு பார்வையில இருக்கு சார்."

"யாரு பார்க்கறாங்க?"

"அதைச் சொல்லக் கூடாது. எந்தக் கல்லைப் பார்க்கறோம்னு அவருக்கே தெரியாது."

"தெரியாமலா ஆறு வாரமாப் பார்க்கறார்?"

"தெரிஞ்சா அரை மணி நேரத்துல முடிஞ்சிரும் சார். அப்புறம் அதுக்கு என்ன மரியாதை?"

ஏழாவது திங்கட்கிழமை அவனை உள்ளே கூப்பிட்டார்கள். தலைமைப் பார்வையாளர் கண்களை மூடியபடி சாய்வு நாற்காலியில் கிடந்தார். இமைகளில் எண்ணெய் பூசியிருந்தது. அது கன்னத்தில் வழிந்து காலரில் இறங்கியிருந்தது. வேலை நேரத்தில் அவர் கல்லைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. மனிதர்களைப் பார்த்தால் பார்வை மங்கிவிடுமாம்.

"உங்க கல்லு முதலாம் எண்ணைவிட வெள்ளையா இருக்கு" என்றார்.

கண்ணாடிக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப நல்லதுதானே சார்?"

"முதலாம் எண்ணைவிட வெள்ளையா உலகத்துல எதுவும் இருக்க முடியாது. இருந்தா அதுக்குப் பேரு போலி."

"மெஷின் எதுவும் வச்சுப் பார்த்தீங்களா?"

"பார்த்தோம். வைரம்னு சொல்லுச்சு. மெஷினைப் பழுதுபார்க்க அனுப்பியிருக்கோம்."

லென்ஸை வாங்கிக் கண்ணாடிக்காரனும் பார்த்தான். சுத்தமான வெள்ளை. எந்த ஓரத்திலும் ஈக்கால் இல்லை. "சார், இது என் கல்லே இல்ல."

"போலின்னு ஆனதும் எல்லாரும் சொல்றதுதான்" என்று அவர் கையை நீட்டித் தடவி, மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். 'இது என் கல் அல்ல' என்று தலைப்பே அச்சடித்த படிவம். கீழே ஒரு வரி: மேற்படி கூற்று ஏற்கப்படாது என்பதை அறிந்தே கையொப்பமிடுகிறேன்.

போலியை நசுக்குவதும் விதி. அதற்கென்று ஒரு சிறிய அழுத்தும் இயந்திரம் இருந்தது. ஊழியர்கள் வரிசையாக நின்றார்கள். இயக்குநர் வந்து பேசினார். பேசும்போது அவர் வாயோரத்தில் வெள்ளையாக ஒன்று நூல்கட்டி, மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவே நீண்டும் குறுகியும் ஆடிக்கொண்டிருந்தது.

"நண்பர்களே, ஒரு போலியை நசுக்கறப்ப நாம ஒரு கல்லை நசுக்கல. சந்தேகத்தை நசுக்கறோம். சந்தேகப்படற உரிமை நமக்கு மட்டும்தான் இருக்கணும். எல்லாரும் சந்தேகப்பட ஆரம்பிச்சா அப்புறம் நாம எதுக்கு?"

கைதட்டினார்கள். வைரம் எதையும் கீறும், ஆனால் சரியாக அடித்தால் உடையும். நெம்புகோல் இறங்கியதும் 'ணங்' என்று ஒரு சத்தம். பொடியை உறையில் போட்டு, ஒட்டி, முத்திரை வைத்து அவன் கையில் கொடுத்தார்கள்.

வீட்டில் உறையைப் பிரித்தாள் மனைவி. "இது என்னது?"

"உன் கல்லுன்னு சொல்றாங்க."

அவள் மோதிர விரலால் பொடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கண்ணாடிக்காரன் பட்டறையிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து வந்தான். பொடியைக் கொஞ்சம் அதில் தூவி, துணியைச் சுற்றிய கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான். கண்ணாடி கிறீச்சென்றது. துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால், அவன் கண்ணாடி வெட்டுகிற வைரமுனை போடுகிற அதே கோடுகள், மெல்லியதாக, நூற்றுக்கணக்கில்.

"கண்ணாடித்தூளோ போலிக்கல்லோ இப்படிக் கோடு போடாது. இது வைரம். ஆனா உன் கல்லு இல்ல. உன் கல்லு அங்கேயே எங்கேயோ இருக்கு."

"இது உண்மையா?" என்றாள் அவள். "இல்ல, இதுக்கும் எட்டு வருஷம் கழிச்சு வேற ஒண்ணு சொல்வீங்களா?"

அவன் அந்தக் கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு கழகத்துக்குப் போனான். வரவேற்பறையில் மூன்று நாள் உட்கார்ந்தான். முதல் நாள் புகாருக்குப் படிவம் இல்லை என்றார்கள். இரண்டாம் நாள் படிவம் வந்தது, பேனா இல்லை. நீல மையும் கறுப்பு மையும் உள்ளே ஆகாதாம். மூன்றாம் நாள் பழுதுபார்க்கப் போன மெஷின் திரும்பி வந்தது. அதில் பழுதே இல்லை என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் யாரோ பெட்டகத்தைத் திறந்து முதலாம் எண் கல்லை லென்ஸில் பார்த்தார்கள்.

அதன் ஓரத்தில் ஈக்கால் இருந்தது. மூன்று வாரம் கழித்துக் கூட்டம் கூட்டினார்கள். அந்தக் கூட்டத்தில்தான் மேலே சொன்ன ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"முதல்ல ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தார் இயக்குநர். "நடந்தது தப்பு இல்ல. இடமாற்றம். உங்க கல்லும் முதலாம் எண்ணும் ஒரே நேரத்துல மேசை மேல இருந்திருக்கு. பார்வையாளர் ரெண்டையும் திருப்பி வச்சார், எண்ணைப் பார்க்காம. எழுத்தர் ரெண்டுக்கும் எண் போட்டார், கல்லைப் பார்க்காம. ரெண்டு பேருமே விதியை அட்சரம் பிசகாமக் கடைப்பிடிச்சிருக்காங்க. யாராவது ஒருத்தர் மீறியிருந்தா இது நடந்தே இருக்காது. அதை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்கு."

"நன்றிங்க சார்" என்றார் எண் எழுத்தர், சுவரைப் பார்த்து.

"அப்ப நீங்க நசுக்கினது?" என்றான் கண்ணாடிக்காரன்.

"எங்க பழைய முதலாம் எண். அதைப் பத்தி இனிமே யாரும் பேச வேண்டாம். போலின்னு தீர்ப்பு எழுதியாச்சு. தீர்ப்பை மாத்தினா எங்க மூலக்கல்லை நாங்களே உடைச்சதா ஆகும். மாத்தலைன்னா ஒரு போலியை உடைச்சதா ஆகும். எது கௌரவம்னு நீங்களே சொல்லுங்க."

கண்ணாடிக்காரன் சுற்றியிருந்த தாளைப் பிரித்து, கீறல் விழுந்த கண்ணாடியை மேசையில் வைத்தான். யாரும் அதைத் தொடவில்லை. இயக்குநர் அதில் தன் முகத்தைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டார்.

"சார், உங்க கௌரவம் உங்களோட இருக்கட்டும்" என்றாள் மனைவி. "பெட்டகத்துல இருக்கறது என் கல்லுதானே? குடுங்க, நாங்க கிளம்பறோம்."

சங்கத் தலைவர் சிரிப்பை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினார். அவளுக்கு அந்தக் கல்லை விற்ற நகைக்கடைக்காரரும் அவர்தான். "அம்மா, அவசரப்படாதீங்க. இந்த ரெண்டரை மாசத்துல நாலாயிரம் கல்லு உங்க கல்லோட ஒப்பிட்டுத் தரம் வாங்கியிருக்கு. உங்க கல்லு கொஞ்சம் மஞ்சளா, அதனால அத்தனையும் ஒரு படி ரெண்டு படி மேல ஏறிருச்சு. ஊர்ல எல்லா வைரமும் நல்ல வைரமாயிருச்சும்மா. யாருக்கு நஷ்டம்? வாங்கினவனுக்குச் சந்தோஷம், வித்தவனுக்குச் சந்தோஷம்."

"நீங்கதானே அன்னிக்கு அஞ்சாம் தரம்னு சொன்னீங்க?"

"அன்னிக்கு அது அஞ்சாம் தரம். இன்னிக்கு அதை வச்சுத்தான் அஞ்சாம் தரம் எதுன்னே சொல்றாங்க."

"அந்த ஈக்கால்?"

"அதுக்கு இப்பப் பேரு மெய்க்குறி" என்றார் தலைவர் பயபக்தியோடு. "முதலாம் எண்ணுல இருக்கு, அப்ப முதல் தரத்துக்கு அதுதானே லட்சணம்? சான்றிதழ்ல தனிக் கட்டமே போட்டாச்சு. 'மெய்க்குறி உண்டு', 'மெய்க்குறி இல்லை'. என் கடையில ஈக்கால் இல்லாத கல்லை யாரும் தொடறதில்ல. சுத்தமான கல்லு வச்சிருக்கறவங்கல்லாம் லேசர்ல சுட்டுக் கால் வரைஞ்சுக்கறாங்க. போன வாரம் ஒருத்தர் ஆறு காலும் வரைஞ்சு எடுத்துட்டு வந்தார். அது பேராசை."

"அதுக்கு ரெண்டாம் தரம் குடுத்தேன்" என்றார் தலைமைப் பார்வையாளர், கண்ணைத் திறக்காமல். "ஈயே உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு."

கண்ணாடிக்காரன் மனைவி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அழுகின பழத்தை முகர்ந்து பார்த்த முகம் அவளுக்கு. பிறகு, கடையில் கேட்ட அதே கேள்வியை இயக்குநரிடம் கேட்டாள்.

"நேரா ஒண்ணு சொல்லுங்க. அது நல்ல கல்லா?"

"அம்மா, நல்ல கல்லுன்னா என்னன்னு எங்களை யாராவது கேட்டா, உங்க கல்லைத்தான் காட்டுவோம்."

"அப்பக் குடுங்க."

"அதனாலதானேம்மா குடுக்க முடியாது!" இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். உதட்டு நூல் மறுபடியும் கட்டிக்கொண்டது. "ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். தரம்ங்கறது கல்லுல இல்ல. கல்லு மண்ணுக்குள்ள கோடி வருஷம் சும்மாதான் கிடந்துச்சு, அப்ப அதுக்கு என்ன தரம்? தரம் எங்க கையெழுத்துல இருக்கு. நாங்க எதை முதலாம் எண்ணுன்னு வைக்கறமோ அது முதலாம் எண். நாளைக்கு அந்த இடத்துல ஒரு புளியங்கொட்டையை வச்சாலும் மிச்சத்தை அதோட ஒப்பிட்டுத் தரம் சொல்ல எங்களால முடியும். அதுக்குப் பேருதான் நிறுவனம்!"

சங்கத் தலைவர் கைதட்டினார். எண் எழுத்தர் சுவரைப் பார்த்துக் கைதட்டினார்.

தீர்மானம் ஏற்கெனவே தட்டச்சாகி இருந்தது. கல் கழகத்திலேயே நிரந்தரமாக இருக்கும். உரிமை மனைவியுடையதே. வருடத்துக்கு ஒருமுறை, பத்து நிமிடம், பெட்டக அறைக்கு வந்து பார்க்கலாம். கல் அவளுடையது என்பதற்கும் அதை அவள் எடுத்துப் போக முடியாது என்பதற்கும் சேர்த்து ஒரே சான்றிதழ்.

"இந்த வருஷத்துப் பத்து நிமிஷம் எப்ப?" என்றாள்.

"நீங்க சொல்லுங்க."

"நாளைக்கு. மோதிரத்துல வச்சு ஒரே ஒரு தடவை பார்த்துக்கறேன்."

இயக்குநர் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "பொம்பளைங்க ஆசை. பார்க்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் அவள் பித்தான் டப்பாவைக் கவிழ்த்தாள். கறுப்புப் பித்தான், வெள்ளைப் பித்தான், கொக்கிகள். நடுவில் அண்ணன் கொடுத்த ஒற்றைத் தோடு. அதைப் புருஷன் முன்னால் வைத்தாள். பக்கத்தில், கல்லை ஒப்படைத்தபோது கழகம் கொடுத்த ரசீதை வைத்தாள்.

"இந்த அளவுக்குக் கொண்டுவர முடியுமா?"

அவன் தோட்டைப் பார்த்தான். ரசீதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"கொஞ்சம் பெருசா இருக்கு. தேய்ச்சா வரும்" என்றான்.

அன்று சாயங்காலம் முழுக்கப் பட்டறையில் சக்கரம் ஓடியது. அண்ணனின் கண்ணாடியை அவன் பட்டை பட்டையாகத் தேய்த்தான். வெர்னியர் அளவுகோலில் அளந்தான். மறுபடி தேய்த்தான். அவள் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பெட்டக அறைக்குள் வணிகர்களுக்கு அனுமதி இல்லை, பாரபட்சம் வந்துவிடுமாம். ஆகவே மறுநாள் உள்ளே போனவர்கள் ஐந்து பேர். கதவு ஒரு ஆள் தடிமன். தானாகவே மூடிக்கொள்ளும், ஆனால் மூட மூன்று நிமிடம் எடுக்கும். அது முழுசாக மூடிப் பூட்டும்வரை யாரும் தாழ்வாரத்தை விட்டு நகரக் கூடாது. இதைச் சொல்லும்போது கதவைத் தானே பெற்றுப் போட்டவர் போலத் தடவிக்கொடுத்தார் இயக்குநர்.

எண் எழுத்தர் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தலைமைப் பார்வையாளர் கண்ணைத் திறக்காமலே தட்டைத் தடவி எடுத்து மேசையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். சாம்பல் வெல்வெட்டில் பத்துப் பள்ளம், பத்துக் கல்.

"இதோ பாருங்கம்மா, உலகத் தரம்" என்றார் இயக்குநர்.

அவள் இடுக்கியால் முதல் கல்லை எடுத்தாள். கண்ணாடிக்காரன் லென்ஸில் பார்த்துத் தலையாட்டினான், ஈக்கால் இருந்தது. கல்லை மோதிரத்தின் நகங்களுக்குள் உட்காரவைத்தாள். கட்டைவிரலால் நான்கு நகங்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினாள். இருபது வருடம் இஸ்திரிப் பெட்டி தூக்கிய கட்டைவிரல், நகங்கள் மடங்கின. கையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். இயக்குநர் அந்த நேரத்தில் பெட்டக அறை கட்டிய வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவள் இடதுகைக்குள் இருந்த கண்ணாடியை இடுக்கியால் எடுத்து, காலிப் பள்ளத்தில் வைத்தாள். அவசரப்படவில்லை. ஒளிக்கவும் இல்லை. மோதிரக் கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள்.

"பார்த்தாச்சு சார்."

இயக்குநர் தட்டைக் குனிந்து பார்த்தார். பத்து இருந்தது. பத்துவரை அவருக்கு எண்ணத் தெரியும். "என்ன பளபளப்பு!" என்றார்.

விதிப்படி சரிபார்க்க வேண்டும். தலைமைப் பார்வையாளர் கண்களைத் திறந்தார். அன்றைக்கு அவர் திறந்தது அப்போதுதான். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு தட்டின் மேல் குனிந்தார். நிமிரவில்லை. கண்ணாடியைப் பார்த்தால் கண்ணாடி என்று தெரியாத ஆள் இல்லை அவர். முப்பது வருடமாக அது ஒன்றுதான் வேலை. அவர் தலையை மெல்லத் திருப்பினார். அவளுடைய முந்தானையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மனிதர்களைப் பார்க்கக் கூடாது என்ற விதியை அவர் மீறியது அந்த ஒரு தடவைதான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், பழைய முதலாம் எண்ணைப் போலி என்று எழுதி நசுக்கவைத்தது யார் என்ற கேள்வி வரும். அந்தத் தீர்ப்பில் இருப்பது ஒரே ஒரு கையெழுத்து.

இமைகளை மூடிக்கொண்டார். "கல்லு சரியா இருக்கு" என்றார்.

"எண்ணு சரியா இருக்கு" என்றார் எழுத்தர், சுவரைப் பார்த்து.

"மெய்க்குறி?" என்றார் இயக்குநர்.

பார்வையாளர் லென்ஸை மடக்கி வைத்தார். "இனிமே தேவைப்படாது சார். ரொம்ப மலிஞ்சு போச்சு. இது... இது அதைத் தாண்டினது."

"அருமை!" என்று இயக்குநர் கையெழுத்துப் போட்டார்.

தாழ்வாரத்துக்கு வந்தார்கள். பின்னால் கதவு நகர ஆரம்பித்தது. இயக்குநர் மட்டும் உள்ளே நின்று, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்; அந்த மரியாதையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அவள் புருஷனைச் சுவரோரம் இழுத்தாள். முந்தானைக்குள் மோதிரம் தெரிந்தது.

"இப்பச் சொல்லுங்க" என்றாள் தாழ்ந்த குரலில். "வேற யார்கிட்டயும் கேக்கப் போறதில்ல. நல்ல கல்லா?"

அவன் யோசித்தான்.

"லேசா மஞ்சள். உள்ள ஈக்கால் இருக்கு. வெட்டுகூட ஒரு பக்கம் கொஞ்சம் கோணல்தான், அன்னிக்குக் கடையில சொல்லல. ஆனா கண்ணாடி இல்ல."

"இதைத்தானே அப்பவே சொல்லியிருக்கணும்."

"அப்பச் சொல்லல."

"எட்டு வருஷம்" என்றாள். ஆனால் வழக்கமான குரலில் இல்லை. ஒரு நகம் இன்னும் சரியாக மடங்காமல் நின்றது. வீட்டுக்குப் போய்க் குறடால் அழுத்தவேண்டும். அவள் அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

இயக்குநர் ஒருக்களித்து வெளியே வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கதவு இருட்டின் மேல் வந்து பொருந்தியது. அவர் அசையாமல் நின்று காது கொடுத்தார். முதல் பூட்டு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதும்.